போதகர் மனைவிக்கு ஒரு ஜெபம்

போதகருக்கு ஜெபம் பண்ணத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. புது வீடு, பழைய மூட்டுவலி, பரீட்சை, பல் பிடுங்கல் என்று எதற்குக் கூப்பிட்டாலும் கண்ணை மூடிய மறுநொடியே வார்த்தை மடைதிறந்து கொட்டும். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குத்தான் காது புளித்துவிட்டது.

ஆனால் அன்று காலை அவளே கேட்டாள். மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவைக் கேட்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

"என்னங்க, போறதுக்கு முன்னாடி ஒரு ஜெபம் பண்ணுங்க."

சாப்பாட்டு மேசையருகே இருவரும் தலைகுனிந்தார்கள். "சர்வ வல்லமையுள்ள பிதாவே" என்று அவர் ஆரம்பித்ததும் போன் அடித்தது. எடுத்தார். பாடகர் குழுத் தலைவர். தொண்டை கட்டிக்கொண்டதாம், ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டுமாம். போதகர் நின்றபடியே அந்தத் தொண்டைக்காக உருக்கமாக, நீளமாக ஜெபித்தார். உள்நாக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

திரும்பி வந்து கண்ணை மூடினார். "பிதாவே, உமது அடியாளை..." அதற்குமேல் நகரவில்லை.

"சொல்லுங்க."

"வர மாட்டேங்குது."

"அவர் தொண்டைக்கு அருவியா கொட்டிச்சே. பொண்டாட்டின்னா மட்டும் வறண்டு போயிடுமா?"

"அவர் தொண்டை போனா எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் எரிச்சலோடு. "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதை எப்படி வாய்விட்டுச் சொல்றது?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தானே கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இவருக்கு என்னைவிடப் பயம், அதைச் சொல்லக்கூடத் துப்பில்ல. ரெண்டு பேரையும் பாத்துக்குங்க. ஆமென்."

போன் மறுபடி அடித்தது. போதகர் அதை அணைத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சபைக்காரர் ஒருவர் எதிரே வந்தார். "ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. மாமியாருக்கு ஸ்கேன். மேல வந்து ஒரு ஜெபம்..."

"இன்னைக்கு நான் இவங்க புருஷனா வந்திருக்கேன். நாளைக்கு வர்றேன்."

சபைக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. போதகர் பார்க்காததுபோல் நடந்தார்.

"சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் போதகர் அங்கேயே நின்று கைகளை உயர்த்தினார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, வானத்தையும் பூமியையும்..."

"முதல்ல உட்காருங்க" என்று மனைவி பெஞ்சைக் காட்டினாள். "கால் கிடுகிடுன்னு ஆடுது. விழுந்து வெச்சா நான்தான் தூக்கணும்."

உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரால் அழத்தான் முடிந்தது. "சரி, போதும், எல்லாரும் பாக்குறாங்க" என்று கடிந்துகொண்டே அவள் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடினாள்.