மூன்றாவது கட்டம்

...அதற்கும் முடியாது என்றே சொல்லிவிட்டாள் அக்கா, தண்ணீர்க் குவளையைத் தானாகத் தூக்குவாரா என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள், முடியாதுங்க மேடம் என்று. அவன் தூக்குவான், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி, பாதி மட்டும் நிரப்பிக் கொடுத்தால் ஒரு சொட்டும் சிந்தாமல். ஆனால் இன்றைக்குத் தூக்கக் கூடாது. மேடமேதான் போன வாரம் போனில் சொன்னார், உதவியாளரை அனுப்புகிற அந்த அலுவலகத்துச் சமூகப் பணியாளர்களில் மென்று விழுங்காமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான், "நல்ல நாளை நினைச்சு பதில் சொல்லாதீங்க, இருக்கிறதுலயே மோசமான நாளை நினைச்சுச் சொல்லுங்க, இல்லன்னா உதவியாளரை நிறுத்திடுவாங்க" என்று. நிறுத்தினால்? காலையில் அவனைக் குளிப்பாட்டி, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிற மூன்று மணி நேரமும் அக்கா தலையில் விழும், அக்கா வேலையை விட வேண்டும்... ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டவன் அவன், எட்டு வருடமாக அவனோடு சேர்ந்து முடங்கிக் கிடப்பவள் அவள். ஆகவே வாயை மூடிக்கொண்டு இருடா ராசா, உனக்கு ஒன்றுமே முடியாது.

ஆனால் சட்டை? அடுத்தது சட்டைதான், வருடா வருடம் மேடம் நிரப்புகிற தாளின் வரிசை அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், ஒவ்வொன்றுக்கும் தானாக, துணையோடு, இயலாது என்று மூன்று கட்டம். சட்டை கைவசமாகப் பதினொரு மாதம் ஆயிற்று. மேடம் கொண்டுவந்து கொடுத்த கொக்கிதான், மரக்கைப்பிடியில் வளைந்த ஒரு கம்பி, துளைக்குள் விட்டுப் பொத்தானைக் கவ்வி இழுக்க வேண்டும், அதற்கு எத்தனை படி ஏறி இறங்கினாரோ, "நீங்களே போட்டு நான் பாக்கணும்" என்றார். முதல் பொத்தான் மாட்டிய அன்று அக்கா கை தட்டினாள், பிறகு சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. அதே அக்கா நேற்று, "நாளைக்கு மட்டும் ஒண்ணும் செய்யாதடா, வேணும்னா உன் கால்ல விழறேன்" என்றாள். "விழு, அது சும்மாதானே கிடக்கு" என்றான், இரண்டு பேரும் சிரித்தார்கள், சரி என்றுதான் சொன்னான். பிறகு ஏன் இன்று காலையில், அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, உதவியாளரிடம் நானே போட்டுக்கறேன் என்று... இருபத்திரண்டு நிமிடம். கொழுப்பா? கொழுப்புதான். அக்கா வெளியே வருவதற்கும் மேடம் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. கொக்கியைத் தொடைக்கடியில் தள்ளிவிட்டான், அந்தத் தொடைக்கு உணர்ச்சி கிடையாது, இருந்தும் குத்துகிறது.

"சட்டைப் பொத்தான் தானா போடுவாரா?" "இல்லைங்க மேடம்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் மேடத்தின் பேனா இறங்கவில்லை, அவர் அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே மூன்றாவது பொத்தான் நான்காவது துளையில் ஏறியிருந்தது, துணி கோணிப் புடைத்திருந்தது, கடைசிப் பொத்தான் போக இடமில்லாமல் தொங்கியது. உதவியாளர் போட்டால் இப்படி இருக்காது, அது மேடத்துக்குத் தெரியாதா? "இது யார் போட்டது?" அக்காவை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான், நான், நான்... நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா தன் புடவைத் தலைப்பை முறுக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. "அக்காதான் மேடம். அவசரத்துல." "அந்தக் கொக்கி?" "எங்கயோ கிடக்கு." மேடம் பேனாவைத் தாளருகே கொண்டுபோனார். "நீங்க போட்டிருந்தா எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும் தெரியுமா... ஆனா இந்தத் தாள்ல அந்தச் சந்தோஷத்துக்குக் கட்டம் இல்ல" என்றார், குனிந்து மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டார். அவர் நம்பவில்லை, நம்பாமலேயே எழுதினார், அக்காவுக்கு மூச்சு வந்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது... அடுத்த வருடமும் இயலாது, அதற்கடுத்த வருடமும், எவ்வளவு கற்றாலும் இந்த வீட்டில் அவனால் எதுவும் இயலக் கூடாது. மேடம் தாளைத் திருப்பினார். அந்த மூன்றாவது துளை காலியாக இருந்ததைக் காலையிலேயே கண்ணாடியில் பார்த்தான், நன்றாகவே பார்த்தான், உதவியாளரிடம் சொன்னால் அரை நிமிடத்தில் அவிழ்த்துச் சரியாகப் போட்டிருப்பார், இருந்தும் ஏன் அப்படியே விட்டான்?