வாடிக்கையாளர் எடுக்கவில்லை

செருப்புக் கம்பெனி இன்னும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் என்ற நேரத்தில் பெரியக்காவின் கணவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மாறி மாறி நீவிவிட்டுக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு வாய்த்த விரல்கள் போல்ட் முடுக்குவதற்கென்றே செய்தவை. ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் கூடவே எழுந்து வரும். ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே நடந்தபடி பெரியக்கா சொல்லச் சொல்ல, அவர் அடித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் பாதிப் பேர் காலில் கிடக்கும் செருப்பைச் செய்கிற கம்பெனி தன் தொழிலாளர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கிறது என்பது கட்டுரை. இருபது பக்கம் வேண்டும். பதினெட்டு ஆகிவிட்டது.

"ஏங்க, நிறுத்தாதீங்க. வந்த வேகம் போயிடும்."

"உனக்கு வேகம், எனக்கு விரலு. ஒண்ணு கேக்கறேன். இந்தக் கம்பெனியில உனக்கு யாரையாவது தெரியுமா?"

"செருப்பைத் தெரியும். போட்டிருக்கேன்."

"அது போதுமா?"

"வாத்தியாரம்மாவுக்குப் போதும்."

அவர் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தார். ஆனால் பெரியக்காவுக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பெரியக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். துணி துவைக்கும் இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் செய்கிற பெரிய கம்பெனி அது. அதன் முத்திரை இல்லாத சமையலறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே புகார் கேட்கும் பிரிவில் பத்தொன்பது வருஷமாகக் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் வலது காதுக்குள் ஒரு வண்டு புகுந்துகொண்டது போல ரீங்காரம் ஆரம்பித்தது. இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தக் காதை மறந்துவிடுங்கள் என்று இருவரும் ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள். ஹெட்செட் இல்லாத நாற்காலி அந்தத் தளத்தில் ஒன்றே ஒன்றுதான், டீம் லீடர் நாற்காலி. அதற்குச் சனிக்கிழமை நிர்வாகப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். ஐம்பத்திரண்டு வயதில் நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசிப் பாடத்துக்குப் பரீட்சை இல்லை, கட்டுரைதான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, வகுப்பில் படித்த தொழில் அறத்தையும் நிர்வாகக் கருத்துகளையும் அதில் பொருத்திக் காட்ட வேண்டும். ஒரு பிரதி வாத்தியாரம்மாவுக்கு, ஒரு பிரதி அவளுடைய மேனேஜருக்கு.

படிப்பு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு கம்பெனிக்குக் கடமைப்பட்டவர்கள் முதல் போட்டவர்கள் மட்டுமில்லை, அது கால் வைக்கிற இடத்தில் யார் யார் கால் நசுங்குமோ அவர்களெல்லாம்தான் என்று வாத்தியாரம்மா சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். அப்படியென்றால் இந்த வீட்டில் தன் கால் முப்பது வருஷமாக நசுங்கிக்கொண்டிருக்கிறதே, அது எந்தப் பாடத்தில் வருகிறது என்று கணவர் கேட்டார். நான்காவது பாடம்தான் உறுத்தியது. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு அளவு வைக்கிறோம். போகப் போக எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அந்த அளவுக்காகவே ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அந்தப் பாடம். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். பெரியக்கா பேனாவை மூடிவிட்டாள். அவளுக்கு அது பாடமாகத் தெரியவில்லை. யாரோ அவளைப் பற்றி அவளிடமே கோள் சொன்னது போல இருந்தது.

கதை இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தளத்தின் சுவரில் பெரிய ஸ்கிரீன் ஒன்றை மாட்டினார்கள். முடிக்காத புகார்கள் யாரிடம் அதிகமோ, அவர் பெயர் அதில் சிவப்பாக எரியும். மூன்று வாரம் தொடர்ந்து எரிந்தால் வேலை போய்விடும். அப்போதுதான் அடுத்த நாற்காலிக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். பேச்சு நிதானம், நடை நிதானம், சாப்பாடு அதைவிட நிதானம். நத்தை என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். குளிர்சாதனப் பெட்டி குளிரவில்லை என்று ஒருவர் கூப்பிட்டால், அவர் மகள் மாப்பிள்ளையோடு கோபித்துக்கொண்டு வந்த கதை வரை கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். இரண்டு வாரம் அவள் பெயர் சிவப்பாக எரிந்தது. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மதியம் பெரியக்கா அவளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். இரண்டு ரிங் போனதும் துண்டித்தாள். 'வாடிக்கையாளர் எடுக்கவில்லை' என்று எழுதினாள். அழைத்ததற்குச் சாட்சி இருந்தால் போதும், கம்ப்யூட்டர் எந்தக் கேள்வியும் கேட்காமல் புகாரை மூடிவிடும். டீ ஆறுவதற்குள் நாற்பது புகார் மூடியாயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அடுத்த மாதமே பக்கத்து வரிசை அதைக் கற்றுக்கொண்டது. வருஷத்துக்குள் தளம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டாம் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்குப் பெயர்கூட இருக்கிறது: 'பெரியக்கா ரிங்.' போன மாதம் ஒரு புதுப்பெண் அதைச் செய்துவிட்டு, "சரியா பண்ணினேனாக்கா?" என்று அவளிடமே வந்து கேட்டாள்.

போன வியாழக்கிழமை ஒருவர் கூப்பிட்டார். வயதான குரல். துணி துவைக்கிற இயந்திரம் பிழியும்போது சமையலறையைத் தாண்டிக் கூடம் வரை நடந்து வந்துவிடுகிறதாம். நானும் அதுவும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம் என்றார். பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். பழைய விவரம் பார்க்கலாம் என்று எண்ணைத் தட்டினாள். நான்கு தடவை புகார், நான்கு தடவையும் மூடப்பட்டிருந்தது. நான்கிலும் மூடியவர் என்ற இடத்தில் அவளுடைய ஊழியர் எண்தான்.

"ஆமாம்மா, நாலு தடவை போன் பண்ணீங்க," என்றார் அவர். "நான் உள்ளேருந்து நடந்து வர்றதுக்குள்ள நின்னுபோயிடுது. முட்டி சரியில்ல. உங்களை நாலு தடவை சிரமப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கணும். இப்ப போனுக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். இனிமே உடனே எடுத்துடுவேன்."

மறுநாளே ஆள் அனுப்பிப் பழுது பார்க்க வைத்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த நாற்காலி அவளை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் அந்த நாற்காலி, பாத்திரம் தேய்த்தால் அந்த நாற்காலி. அதில் ஒருவர் குளிக்கக்கூடப் போகாமல் அவளுக்காக உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கணவரிடம் சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். செருப்பைத் தூக்கி வைத்துவிட்டு நம்ம கம்பெனியையே எழுதட்டுமா என்று முடித்தாள். அவர் நியாயம் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். பழுது தீராத லிஃப்டில் ஒரு நாளும் சரி என்று கையெழுத்துப் போடாத மனிதர். அவரோ, தவளையும் தன் வாயால் கெடும் என்றார். ஊரில் எவன் ஒழுங்கு என்றார். இருபது பக்கத்துக்கு இரண்டு பக்கம்தான் பாக்கி, பேசாமல் செருப்பை முடி என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முந்தாநாள் நான் உன்னை வலப்பக்கமிருந்து கூப்பிட்டேன். மூணு தடவை. நீ திரும்பலை," என்றார்.

அவர் காலை மெல்ல மிதித்துவிட்டு எழுந்து போனாள்.

இன்னொரு காலும் இதில் இருந்தது. தளத்தில் இந்த வித்தையைத் தொடாத ஒரே ஆள் நத்தைதான். எடுக்கும் வரை ரிங் போக விடுவாள், எடுத்தால் கதை கேட்பாள். ஜனங்கள் அவளுக்கு நன்றிக் கடிதமெல்லாம் எழுதுவார்கள். அவள் பெயர் சிவப்பாகாமல் பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டது பெரியக்கா. இது நின்றால் முதலில் கவிழ்வது நத்தையின் நாற்காலிதான். திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் அவள் எதிரே டப்பாவைத் திறந்து வைத்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். நத்தை வாயிலிருந்ததை மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்கா. நீ எனக்கு டீ வாங்கிக் குடுக்கிற நாளெல்லாம் வெள்ளிக்கிழமையாவே இருக்கு. நத்தைன்னா மண்டையும் மெதுவான்னு நெனச்சியா?"

"தெரிஞ்சும் ஏண்டி சும்மா இருந்தே?"

"வேலை வேணுமே. அப்புறம், டீ நல்லா இருந்துச்சு." கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். "எழுதுக்கா. ஆனா எனக்காகச் செஞ்சேன்னு எழுதாதே. அதைப் படிச்சுட்டு யாராவது உன்னை நல்லவன்னு சொல்லிடுவாங்க. என் பேரு சிவப்பா எரியட்டும். சிவப்பு எனக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலமே பெரியக்கா மேஜை முன்னால் வந்து நின்றாள். கணவர் ஒன்றும் கேட்காமல் செருப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள், அடித்தார். அதன் வயது, எத்தனை வீடுகளில் இருக்கிறது, அதன் புகார்ப் பிரிவு, சுவரில் ஸ்கிரீன், எல்லாம் அடித்தார். பிறகு அவள், "இந்த வழக்கத்தை ஆரம்பித்தது நான்," என்றாள். விரல் நின்றது.

"கட்டுரையில 'நான்' வரக்கூடாதுன்னு வாத்தியாரம்மா சொன்னாங்கன்னியே."

"இதுல வரணும்ங்க. வேற யாரைப் போடறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த இரண்டெழுத்தைத் தேடித் தேடி, பக்கத்து எழுத்து எதுவும் கூட வராமல் மிகக் கவனமாக அடித்தார். செருப்புக்குப் பதினெட்டு பக்கம் தேவைப்பட்டது. இதற்கு ஒன்பதுதான் வந்தது. நத்தையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கடைசியில் ஒரு பட்டியல் சேர்த்தாள். அதற்கு முந்தின வாரம் அவள் கையால், இரண்டு ரிங்கில் மூடிய முப்பத்தொரு புகார்கள்.

கொடுத்து ஒன்பதாம் நாள் மேனேஜர் தன் கண்ணாடி அறையில் கட்டுரையோடு உட்கார்ந்தார். நாற்பது வயசுக்காரர். அவரும் ஒரு காலத்தில் இதே தளத்தில் ஹெட்செட் மாட்டியவர்தான். ஆனால் அது ஸ்கிரீன் வருவதற்கு முன்னால். படிக்கும்போது உதடு அசையும் பழக்கம் அவருக்கு உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எழுபது பேர் வேலை செய்வது போல அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. இரண்டு பெண்கள் காலையிலிருந்து பெரியக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருத்தி மட்டும் வந்து, "எங்க பேரெல்லாம் இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் பெருமூச்சு விட்டபடி போனாள். நத்தை தன் வேகத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து பெரியக்காவின் மேஜையில் வைத்தாள். சுவரில் நத்தையின் பெயர் இரண்டாவது வாரமாகச் சிவப்பில் இருந்தது.

மேனேஜர் வெளியே வந்தார். அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, அவரே நடந்து வந்தார். கையில் அந்தப் பட்டியல் மட்டும் இருந்தது.

"பெரியக்கா, இதுல உங்களைப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கீங்க. மத்தவங்க?"

"எனக்குத் தெரிஞ்சது என் விரல் மட்டும்தான் சார்."

"நான் இதை மேல அனுப்பினா என்னாகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். வேலை போயிடும். ஏழாவது பாடத்துல வருது."

பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அன்று விடுப்பில் இருந்தவளின் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெரியக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டினார். ஒலிவாங்கி பிடரிப் பக்கம் போயிற்று. அவர் தடவித் தேடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பெரியக்கா கை நீட்டி, பிள்ளைக்குத் தொப்பியைத் திருப்பி வைப்பது போல அதைத் திருப்பி அவர் வாய்க்கு நேரே கொண்டுவந்து வைத்தாள். அவர் பட்டியலின் முதல் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். கையை உயர்த்திக் காட்டினார். தளத்தில் ஒவ்வொரு குரலாக அடங்கியது. ரிங் போகிற சத்தம் அவர் காதுக்கு மட்டும்தான் கேட்டது. மற்றவர்களுக்குத் தெரிந்தது மேஜை விளிம்பில் இருந்த அவர் இடது கைதான். ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு விரல் மடங்கியது. சுண்டுவிரல். மோதிரவிரல். வழக்கமாக எல்லாரும் துண்டிக்கிற இடத்தில் எழுபது பேருடைய விரல்களும் தாமாகவே ஒரு தரம் துடித்தன. நடுவிரலும் மடங்கியது. கட்டைவிரல் வரை மடங்கி அந்தக் கை முழுசாக மூடிக்கொண்டதும், அவர் பட்டியலை முழங்காலில் வைத்துவிட்டு, அடுத்த ரிங்கை எண்ண வலது கையை விரித்து மேஜை மேல் வைத்தார்.