அரை மணி நேரத்துக்கு வாங்கிய சீட்டு

விட்பித் துறைமுகத்தில் இப்போது போர்க்கப்பலுக்கு ஆள்பிடிக்கிறவர்கள் வருவதில்லை. சண்டை ஓய்ந்துவிட்டதாம். இன்னொரு சண்டை வந்தால் வருவார்கள். சர்க்கார் பேச்சை நான் நம்புகிறவன் இல்லை.

அப்போது நான் நிலக்கரிக் கப்பல்காரன். என்னையும் இழுத்துப் போய்விடுவார்கள் என்று மீன் புகைபோடும் கொட்டகையில் ஒளிந்திருந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் என் வீடு. டைனாவுக்குப் பெண் பிறந்து நாலு நாள். பாலத்தில் ஆள்பிடிக்கிறவர்கள்.

என்னைப் பார்க்கக் கொட்டகைக்கு வந்த சிநேகிதன் ஓபெட் ஸ்டோர் திமிங்கில வேட்டையில் ஈட்டி எறிகிறவன். அவனைப் பிடிக்கக்கூடாது என்று சர்க்கார் கொடுத்த சீட்டு உண்டு. ஆனால் சீட்டு கையோடு இருக்கவேண்டும். அதில் எழுதியிருந்த உயரமும் செம்பட்டை முடியும் எனக்கும் பொருந்தும்.

"இந்தா, போய்ப் புள்ளையப் பாத்துட்டு வா. உன் மூக்கு வந்திருந்தா அங்கயே அழுதுடு, இங்க வந்து அழாத."

"நீ?"

"மீனோட மீனா கிடக்கேன். அரை மணியில வந்துடுடா."

பாலத்தில் சீட்டைப் பார்த்து என்னை விட்டுவிட்டார்கள். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் கொட்டகை வாசலில் ஓபெட்டை ஐந்து பேர் அமுக்கியிருந்தார்கள். நான் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சீட்டு எங்கடா?"

"ஆத்துல விழுந்துடுச்சு. நான் ஸ்டோருங்க."

"ஸ்டோர் காலையிலயே பாலம் தாண்டிட்டான். நீ எத்தனாவது ஸ்டோரு?"

சிரித்தார்கள். சீட்டு என் சட்டைக்குள் இருந்தது. இருபது அடி நடந்திருந்தால் அவன் வீட்டுக்கு, நான் கப்பலுக்கு. நான் நடக்கவில்லை.

சாயங்காலம் அவன் மனைவி டேமர் வந்தாள்.

"ரால்ஃப் அண்ணே, நாளைக்கு மத்தியானம்தான் கப்பல் கெளம்புதாம். சீட்டைக் காட்டினா விட்டுடுவாங்களாம். உங்ககிட்ட எதுவும் குடுத்தாரா?"

"இல்லையேம்மா. ஆத்துல விழுந்துச்சுன்னு அவனே சொன்னானாமே."

நம்பினாள்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் பாவாடையைச் செருகிக்கொண்டு பாலத்தடிச் சேற்றில் இறங்கித் தேடினாள். ஆள்பிடிக்கிறவர்கள் போதுமான ஆள் சேர்ந்ததும் கப்பலேறிவிட்டார்கள். அப்போது சீட்டைக் கொடுத்திருந்தால் என்னை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். நான் பொய்யன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. நானும் சேற்றில் இறங்கினேன்.

மத்தியானம் கப்பல் பாய் விரித்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தத் தூண்கிட்ட பாத்தீங்களாண்ணே?"

"பாத்துட்டேம்மா," என்றேன்.