கினிப்பன்றிக்கும் உபவாசம்

சரோஜத்தின் உயிர் அப்போது ஒரு கினிப்பன்றியின் தொடையில் இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் நெஞ்சில் கட்டிய நீரை ஊசியால் உறிஞ்சி, முயல்குட்டி அளவே இருந்த அந்தச் சின்ன உயிரின் பின்னந்தொடையில் ஏற்றியிருந்தார் டாக்டரம்மா. ஆறு வாரம் கழித்து அதை அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கட்டி கண்டிருந்தால் காசநோய் உறுதி. புதிதாக வந்திருக்கும் ஊசிமருந்தைப் போடலாம். உறுதியாகாதவருக்கு அதில் ஒரு குப்பியைக்கூடத் திறக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. உத்தரவு போட்டவர் வீட்டில் யாரும் இருமியதில்லை போலும்.

இரண்டு பன்றிகளுக்கு ஏற்றியதில் ஒன்று மழைக்குளிரில் செத்துப்போனது. மிஞ்சியதைக் கவனித்துக்கொண்டவன் ஈசாக். உதியன்குளங்கரை பக்கம் இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் மிருகக்கூடுகள் அவன் பொறுப்பு. விடிந்ததும் புல் அறுத்து வருவான், பன்றியைத் தராசில் வைத்து எடை பார்ப்பான், அதனோடு பேசுவான். அங்கே மனுஷருக்குக்கூட அத்தனை உபசாரம் கிடையாது.

இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எங்கள் ஊர்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் வீடுவீடாகத் தேடியது. ஈசாக்கும் போனவன்தான். ஒளிவதற்கு முன், சரோஜத்தின் கட்டிலருகே இருந்த அவள் தாய் சுகிர்தபாயிடம் ஓடிவந்தான்.

"எக்கா, நான் ரெண்டு மூணு நாளு மாறி நிக்கணும். ஒங்க மவளுக்க பன்னியாக்கும், நீங்கதான் பாக்கணும்."

"நீ போ மக்கா. எனக்க பிள்ளையப் போல நோக்குவேன்."

சொன்னபடியே நோக்கினாள். அதுதான் வினையாகிவிட்டது.

பிடிபட்டவர்கள் திரும்பிவர வேண்டுமென்று சபையில் மூன்று நாள் உபவாசம் அறிவித்தார் போதகர். பழைய காலத்து ராஜா ஒருவன், தன் பட்டணம் அழியாமலிருக்க மனுஷரோடு ஆடுமாடுகளும் ஒன்றும் தின்னக்கூடாது என்று கட்டளையிட்டதையும், கடவுள் இரங்கியதையும் பிரசங்கித்தார். கேட்டவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சுகிர்தபாய்க்கு மட்டும் அது தனக்கென்றே சொன்னதாகப் பட்டது. அவளுக்கு ஆடு இல்லை, மாடு இல்லை. இருந்தது இந்த ஒரு மிருகம்.

கூட்டிலிருந்த புல்லை ஒரு துரும்பு விடாமல் வாரி எடுத்தாள். தண்ணீர் மட்டும் வைத்தாள். தானும் தண்ணீர் மட்டுமே குடித்தாள். பன்றி கம்பியைக் கடித்துக் கீச்சிட்டது.

"பொறுத்துக்க மக்கா. நானும் ஒண்ணும் திங்கல்ல."

மறுநாள் சத்தம் அடங்கியது. அதுவும் ஜெபத்தில் சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள், பாவி. பஸ் ஓடாததால் நெய்யாற்றின்கரையிலிருந்து டாக்டரம்மாவும் வரவில்லை. யார் சொல்லியிருப்பார்கள் அவளுக்கு?

மூன்றாம் நாள் ஈசாக் புல்கட்டோடு பின்வாசல் வழியாக வந்தான்.

"எக்கா, கூட்டில புல்லே இல்லியே?"

"உபவாசமில்லியா. நாங்க ரெண்டு பேரும் முடிச்சாச்சு. ஒறங்குது. எழுப்பிக் குடு."

ஈசாக் அதைத் தூக்கினான். விறைத்திருந்தது.

"இதுக்க வயிறு ஒரு நாளு காலியா கெடந்தாலே போச்சு எக்கா! கொன்னு போட்டீங்களே!" தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சுகிர்தபாய் அழவில்லை. பன்றியை வாங்கி மடியில் வைத்து வாயில் புல்லைத் திணித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மதியம் யாருடைய லாரியிலோ ஏறி டாக்டரம்மா வந்து சேர்ந்தார். செய்தி கேட்டதும் பன்றியை அறுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கட்டி விழுற காலம் ஆகல்ல. இது பட்டினியில செத்ததாக்கும். வேற பன்னி வரணும். வழி தொறந்தாத்தான் வரும். பின்னயும் ஆறு வாரம்."

"அதுவரைக்கும் அவ இருப்பாளா?" என்றாள் தாய்.

டாக்டரம்மா கத்தியைக் கழுவினார். வார்டில் சரோஜம் இருமிக்கொண்டிருந்தாள்.

சுகிர்தபாய் பன்றியை அறுத்த மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, புடவையைத் தொடைவரை விலக்கினாள்.

"எனக்குக் குத்துங்க டாக்டரம்மா. அவளுக்க நெஞ்சுத் தண்ணிய இதில ஏத்துங்க. ஈசாக்கு என்னக் கூட்டில பூட்டட்டு. காலம் ஆகும்போ அறுத்துப் பாருங்க."

"என்ன பேசுறீங்க நீங்க?"

"இடையில சாவ மாட்டேன் அம்மா. மூணு நாளு பட்டினி கெடந்தேன். சாகல்ல, பாத்தீங்களா?"

டாக்டரம்மா புடவையை இழுத்து அவள் தொடையை மூடினார். அவள் மறுபடியும் விலக்கினாள்.