அட்மிரல் ஓட்டல் சுவரில் என் ஏணி

ஏணி கேட்டு டீன் வந்தபோது கதவைப் பாதிதான் திறந்தேன். தேர்தல் நேரத்தில் நான் கதவை முழுசாகத் திறப்பதில்லை.

"தேசக் கொடி கட்டணும் பெருசு. தெரு விளக்குக் கம்பம் எல்லாத்துலயும்."

"எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. நாங்களாதான்."

"கொடி எவன் வாங்கிக் குடுத்தான்?"

தலையைச் சொறிந்தான். "கார்ல் ப்ரௌஸ்."

ப்ரௌஸ் துறைமுக ரோட்டில் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவன். இப்போது புதுக் கட்சி ஆள், எங்கள் வார்டில் கவுன்சிலுக்கு நிற்கிறான். அவன் விற்ற வேன் ஒன்றை நான் வாங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் அவன் என்ன பேசினாலும் என் காதுக்கு அந்த வேனின் இரைச்சல்தான் கேட்கும்.

ஆனால் டீன், லெஸ்ஸின் பையன். லெஸ்ஸும் நானும் ஸ்கார்ஸ்பி ஊர் முழுக்க ஜன்னல் துடைத்துப் பிழைத்தோம். லெஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். டீன் வேலை பார்த்த மீன் தொழிற்சாலையும் மூடிப் பல காலம் ஆகிறது. அவன் வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. மகள் கீலிக்கு ராத்திரி மூச்சு விசில் அடிக்கும். கவுன்சிலில் வேறு வீடு கேட்டால் காத்திரு என்கிறார்கள். அவனும் காத்துக்கொண்டுதான் இருந்தான்.

"சாயங்காலம் திரும்பி வரணும்" என்று சொல்லி ஏணியைக் கொடுத்தேன்.

அது சும்மா ஏணி இல்லை. மூன்றாக நீளுகிற அலுமினிய ஏணி. லெஸ்ஸும் நானும் சேர்ந்து வாங்கியது. என் ஓய்வூதியம் கேஸுக்கும் கரண்டுக்கும் போய்விடும். தெருவில் இருக்கிற கிழவிகளுக்குக் கூரைக் குழாயில் அடைத்த இலையை வாரிக் கொடுத்தால், அதில்தான் எனக்கு ரொட்டியோடு பன்றிக்கறியும் கிடைக்கும். ஏணி இல்லையென்றால் வெறும் ரொட்டி.

சாயங்காலம் ஏணி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ப்ரௌஸ் அதில் ஏறிக் கொடி கட்டுகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். மூன்றாவது படிக்கு மேல் ஏறவில்லையாம். கால் நடுங்கியதாம்.

அந்த வாரமே பாலின் ட்ரான்டர் வந்தாள். பழைய கட்சிக் கவுன்சிலர். அவள் அப்பா காலத்திலிருந்து எங்கள் வார்டு அவர்கள் கையில்தான். என் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அவர்களுக்குக் குத்தினார். நானும் குத்தினேன், மீன் தொழிற்சாலை மூடுகிற வரைக்கும்.

"கண்ணு, கிளிஃபர்ட், அந்தக் கொடியெல்லாம் உன் ஏணி வெச்சுக் கட்டினதாமே?"

"ஏணிக்குக் கட்சி கிடையாது பாலின்."

"கழட்டிடேன். வெளிநாட்டுலேர்ந்து வந்த சிலருக்குப் பயமா இருக்கு."

"கழட்டறேன். கவுன்சில் சொல்லுதுன்னு ஒரு வரி எழுதிக் குடு."

"ஐயோ, நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது. தேர்தல் முடியட்டுமே?"

"அப்ப முடிஞ்சப்புறமே வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அட்மிரல் ஓட்டல் கலாட்டா நடந்தது சனிக்கிழமை மத்தியானம். கோடையில் வெளியூர்க் கூட்டம் வந்த காலத்தில் அட்மிரல்தான் எங்கள் கடற்கரைக்கே ராஜா. அதன் ஜன்னல் எல்லாம் நானும் லெஸ்ஸும் துடைத்தவை. டீனின் அம்மா அங்கே படுக்கை மாற்றினாள். அப்புறம் கூட்டம் வருவது நின்று, ஓட்டலும் மூடியது. ரொம்ப நாள் கழித்து, தஞ்சம் கேட்டு வந்த வெளிநாட்டுக்காரர்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர்களைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அவர்களைத் தெரியாது. தெரியாத ஆள் மேல் எனக்குப் பாசமும் வராது, அவனைக் கொளுத்தவும் தோன்றாது.

அன்றைக்கு ஃபோனில் ஓட்டலில் இருப்பவர்களைப் பற்றி என்னவோ புரளி ஓடியது. கடற்கரைப் பக்கம் கூச்சல் கேட்டது. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஏணிதான். டீன் வீட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. ஏணி இல்லை. வீட்டுச் செருப்போடு அப்படியே நடந்தேன்.

ஓட்டலின் முன்வாசலில் போலீஸ் கேடயத்தோடு நின்றது. பக்கத்துச் சந்தில் யாரும் இல்லை என்று நினைத்திருப்பார்கள் போல. அங்கேதான் நின்றது என் ஏணி, முதல் மாடி ஜன்னலுக்குச் சரியாகச் சாய்த்து. கீழே டீன், தலையில் முக்காட்டுத் தொப்பி, கையில் செங்கல். கூடவே சட்டை போடாத தடியன் ஒருவன். எங்கள் ஊர்க்காரன் இல்லை. வேலிக் கட்டையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். துணியிலிருந்து பெட்ரோல் நாற்றம்.

"அது என் ஏணி" என்றேன்.

"அப்புறம் எடுத்துக்க தாத்தா" என்றான் தடியன்.

"எனக்கு இப்ப வேணும்."

"பெருசு, வீட்டுக்குப் போ" என்றான் டீன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கப்பா காசும் இருக்குடா இதுல."

தடியன் பின்னால் திரும்பி, "லைட்டர் எவன்கிட்டடா?" என்று கத்தினான். ஏணியை இழுத்துச் சாய்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒன்று தெரியும். ஏணியில் ஒருவன் ஏறிவிட்டால் அவனைத் தாண்டி இன்னொருவன் ஏற முடியாது. நான் ஏறினேன்.

முட்டி ரெண்டும் அழுதது. பாதியில் மூச்சு வாங்கியது. மேலே போனால் ஜன்னல் முழுக்கக் கும்பல் எறிந்த முட்டை வழிந்து கிடந்தது. உள்ளே ஒரு ஆள், பனியன் போட்டுக்கொண்டு நிற்கிறான். பின்னால் மெத்தையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவன் கையில் தண்ணீர் கொதிக்கிற கெட்டில், ஆவி பறக்கிறது. தன்னைக் கொல்ல வந்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். பார்க்கத்தானே செய்வான்.

என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொன்னாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்காது. கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போனது. அங்கே எப்போதும் கிடக்கும் ஜன்னல் துடைக்கிற துணியை எடுத்து முட்டையைத் துடைத்தேன். மேலேயிருந்து கீழே, மூலை விடாமல். அவன் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கெட்டிலைக் கொஞ்சம் இறக்கினான். கீழே வைத்துவிடவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன்.

சந்து முனையில் ஒரு பொம்பளை சிரித்தாள். "கிளிஃப்! முடிச்சுட்டு எங்க வீட்டுக்கும் வாய்யா, வருஷக்கணக்கா அழுக்கு!" இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். தடியனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏணியைப் பிடித்து உலுக்கினான். நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய் நிறுத்துடா! கிழவன் விழுந்துடுவான்!"

டீன் குரல். செங்கல் விழுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். தடியனைத் தள்ளிவிட்டு, ரெண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவன் அப்பா பிடிக்கிற மாதிரியே, ஒரு காலை அடிப்படியில் ஊன்றி.

போலீஸ் சந்துக்குள் வந்தது. எல்லோரும் ஓடினார்கள். டீன் ஓடவில்லை.

"இறங்கு பெருசு, சீக்கிரம்."

"நான் எங்கடா சீக்கிரம் இறங்கறது? நீ ஓடு. கீலியை நெனச்சுக்கிட்டு ஓடு."

ஓடினான். என்னை இறக்கிக் கூட்டிப் போனார்கள்.

ஸ்டேஷனில் ஒரு சார்ஜென்ட், மரியாதையான ஆள்தான். மரியாதையான ஆளிடம்தான் நான் அதிகம் ஜாக்கிரதையாக இருப்பேன்.

"நீங்க துடைச்சது வீடியோல இருக்கு ஐயா. உங்க மேல வழக்கு இல்ல. ஏணியை யார் வெச்சாங்க?"

"தெரியாது."

"தொப்பி போட்ட ஒரு ஆள் கீழ பிடிச்சுட்டு நின்னானே?"

"கீழ பாத்தா எனக்குத் தலை சுத்தும்."

"ஜன்னல் துடைக்கிறவருக்கா?"

"வயசாயிடுச்சு."

பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பேரைச் சொன்னா, சாட்சியா எடுத்து வெச்ச ஏணி சீக்கிரம் வீட்டுக்கு வந்துடும். இல்லன்னா எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது."

அந்த வாரம் பிடிபட்டவர்களை மளமளவென்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கீலியின் விசில் மூச்சு என் காதில் கேட்டது. ஏணியும் கண் முன்னால் நின்றது. பொய் சொல்வானேன், ஏணிதான் பெரிதாகத் தெரிந்தது.

"நீங்களே வெச்சுக்கங்க" என்றேன்.

அதற்குள் என் படம் ஊரெல்லாம் போய்விட்டது. ஏணி உச்சியில் நான், பின்பக்கம் மட்டும். துணி என் உடம்பில் மறைந்துவிட்டது. ப்ரௌஸ் அதை நோட்டீஸில் போட்டான்: வயதானவரைக்கூட விட்டுவைக்காத போலீஸ். பாலின் கட்சியும் அதே படத்தைப் போட்டது: இந்தக் கும்பலின் கையிலா நம் ஊர்? தலையை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். கால்சட்டையை வைத்தே தெரு முழுக்கக் கண்டுபிடித்துவிட்டது. ரெண்டு நோட்டீஸும் ஒரே நாளில் என் கதவின் தபால் ஓட்டை வழியாக விழுந்தன.

ரெண்டு பேரும் நேரிலும் வந்தார்கள். ரெண்டு பேரிடமும் நான் ஒன்றுதான் கேட்டேன்: ஏணியை வாங்கிக் கொடு.

"ஜெயிச்சதும் முதல் வேலை அதுதான்" என்றான் ப்ரௌஸ்.

"அது போலீஸ் விஷயம் கண்ணு" என்றாள் பாலின்.

நான் துடைத்தேன் என்பதை ரெண்டு பேரிடமும் சொன்னேன். ரெண்டு பேருமே வேறு பேச்சுக்குப் போனார்கள். துடைத்தவன் அவர்களுக்கு எதற்கு?

ப்ரௌஸ் ஜெயித்தான். நான் ஓட்டுப் போடப் போகவில்லை. கடல்காற்றில் கொடிகள் கந்தலாகிக் கம்பத்தில் சுற்றிக்கொண்டன. மழை பெய்தால் பழைய உள்ளாடை மாதிரி தொங்கும். கடைத்தெருவில் ப்ரௌஸைப் பார்த்தபோது கேட்டேன், அதையாவது கழட்டக் கூடாதா என்று. "அது கவுன்சில் பொறுப்பு" என்றான். கவுன்சிலே அவன்தான்.

ஏணி இல்லாதவனைக் கிழவிகள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். என் வீட்டுப் பின்கட்டு சமையலறைக் கூரைக் குழாயிலேயே புல் முளைத்து, தண்ணீர் உள்சுவரில் இறங்கியது. ரெண்டு நோட்டீஸையும் மடித்து ஜன்னல் இடுக்கில் திணித்தேன். தண்ணீர் நிற்கவில்லை.

டீன் பல வாரம் என் பக்கம் வரவில்லை. ரோட்டில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலையில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

"இது எதுக்குடா?"

"கீலி தரையில உக்காந்து சாப்பிடறா. சீக்கிரம் முடிச்சுக் கொண்டுபோகணும்."

மேஜையைக் கூரைக் குழாய்க்கு நேராகச் சுவரோரம் போட்டான். அதன் மேல் ஒரு நாற்காலி. ஏறினான். எல்லாம் சேர்ந்து ஆடியது. நான் ஓடிப் போய் அவன் கால் ரெண்டையும் கட்டிப் பிடித்தேன். மேலேயிருந்து புல்லும் சேறும் என் தலையில் விழுந்தன.

"பிடிச்சிருக்கியா பெருசு?"

"பிடிச்சிருக்கேன்."

"விட்டுடாத."

"பேசாம வாருடா" என்றேன்.