வெயிலில் ஓடிய வைப்பர்

முன்னால் நின்ற வண்டி சவாரி எடுத்துக்கொண்டு கிளம்பியதும், பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த அந்த ஸ்டாண்டில் ஓர் இடம் முன்னேறுவதற்காக யாரும் இஞ்சினைப் போடுவதில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையை ஸ்டீயரிங்கிலும் தோளைக் கதவுச் சட்டத்திலும் கொடுத்து ஒரு மூச்சுப் பிடித்தால் போதும், வண்டி உருளும். அக்கா தன் வெள்ளை வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, முன்வண்டியின் பம்பருக்கு ஒரு சாண் பின்னால் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தாள். ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் ஒரே பெண் அவள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

"உன் வண்டி ஊதினாலே போகுது அக்கா. என்னோடதத் தள்ள நாலு ஆள் வேணும்," என்றார் அடுத்து நின்ற தாடிக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வண்டி மேல பழி போடாதீங்கண்ணே. டிக்கியில வீட்டுச் சாமான் பாதிய ஏத்தி வச்சிருக்கீங்க. மொதல்ல அத இறக்குங்க."

"அத இறக்கினா வீட்டுக்காரி என்னை இறக்கிடுவா."

ஸ்டாண்டில் நின்றவை எல்லாம் ஒரே ஜப்பான் கம்பெனியின் வண்டிகள். அங்கே யாரோ சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்தவை, கப்பலில் வந்து இறங்கியவை. அந்தக் கம்பெனிக்கு இங்கே 'தறிக்காரன்' என்று பெயர். வைத்தவர், மதிலோரம் பட்டறை போட்டிருந்த மெக்கானிக். "காருக்கு வர்றதுக்கு முன்னாடி இவன் தறி செஞ்சுக்கிட்டிருந்தவன். இழை அறுந்தா தறி தானா நின்னுடும், அப்படி ஒரு தறி. அதே மூளையத்தான் வண்டியிலயும் போட்டிருக்கான்," என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். முதல் தறிக்காரன் வண்டி ஸ்டாண்டுக்கு வந்தபோது பெரிய பெரிய வண்டிக்காரர்கள் அதைப் பிஸ்கட் டின் என்று சிரித்தார்களாம். அந்த வருஷ மழையில் தெருவெல்லாம் வெள்ளம் நின்று வடிந்தபோது, பெரிய வண்டிகள் நின்ற இடத்திலேயே செத்துக் கிடந்தன. பிஸ்கட் டின்னை வெயிலில் காயவைத்துச் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள். "என் பொழப்புல மண்ணப் போட்டவன் அவன்தான்," என்று மெக்கானிக் கதையை முடிப்பார். அவரிடமும் ஒரு தறிக்காரன் வண்டிதான் இருந்தது.

அக்காவின் வண்டிக்கு அவள் நான்காவது கை. இங்கே வந்தபின் ஒரு குழந்தை டாக்டரும், பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் ஓட்டியது. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் ஜப்பான் மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று நான்கு கைகளில் ஒருவருக்கும் தெரியாது. "எங்கம்மா மாதிரிதான். கிளம்பும்போதே ஆரம்பிச்சிடுறா," என்பார் அக்காவின் கணவர்.

அவரும் அவளும் ஒரே நெசவு மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் மூடியபோது கிடைத்ததை வைத்து வாங்கிய வண்டி அது. முதலில் அவர்தான் ஓட்டினார். பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறியதில், மாடிப்படி ஏறுவதும் பேசுவதும் ஒருசேர முடியாதவராக அவர் ஆனபிறகு, அவள் லைசென்ஸ் எடுத்தாள். மாதம் ஒருமுறை அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்து ஆஸ்பத்திரிப் படியருகே இறக்கிவிட்டு, அவள் வரிசைக்குப் போவாள்.

அன்று மத்தியானம் ஒரு புதுக் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் அட்டை. ஆஸ்பத்திரி தன் சவாரி எல்லாவற்றையும் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து வெளிவண்டிகள் கேட்டுக்குள் வரக்கூடாது. இந்த ஸ்டாண்டும் கம்பெனிக்குத்தான். ஓட்டத் தெரிந்தவர்கள் பரீட்சை கொடுத்து வேலையில் சேரலாம். சேருகிறவர்கள் சொந்தமாக வாடகை வண்டி வைத்திருக்கக் கூடாது.

"வண்டி இல்லாதவனுக்கு வேலை தர்றான், வண்டி வச்சிருக்கிறவனுக்கு வாசலத் தர மாட்டேங்கிறான்," என்றான் எல்லாராலும் மச்சான் என்று அழைக்கப்படுகிறவன். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சிலர் பஸ் நிலையத்துப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே ஏற்கெனவே நிற்கிறவர்கள் புது ஆளை விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா தன் பெயரைக் கொடுத்தாள். அவள் கொடுத்ததைப் பார்த்துத் தாடிக்காரரும் மச்சானும் கொடுத்தார்கள்.

பரீட்சை ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் நடந்தது. புது வண்டி ஐரோப்பாவில் செய்தது, வெள்ளி நிறம், உள்ளே செருப்புக் கடை வாசனை அடித்தது. அக்கா சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டைப் போட்டு, பிசிறில்லாமல் கிளப்பினாள்.

"நல்லாத்தான் எடுக்குறீங்க. வலது பக்கம் திரும்புங்க," என்றார் சூப்பர்வைசர்.

இத்தனை வருஷம் போட்டமாதிரி வலதுகையால் லீவரைத் தட்டினாள். இண்டிகேட்டர் எரியவில்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சென்று கத்திக்கொண்டு எழுந்தது.

"மழை எங்கம்மா பெய்யுது?"

தறிக்காரன் வண்டியில் இண்டிகேட்டர் வலதுபக்கம், வைப்பர் இடதுபக்கம். இதில் நேர் எதிர். அவளுக்கு அது உடனே புரிந்துவிட்டது. அடுத்த திருப்பத்தில் 'இடதுகை, இடதுகை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலதுகை தட்டிவிட்டது. மறுபடியும் கிறீச். அதற்கடுத்த திருப்பத்திலும் அதேதான்.

"நிறுத்துங்க," என்றார் அவர். "உங்களுக்கு மட்டும் தனியா மழை பெய்யுது போல."

தாடிக்காரர் அதைப் பார்த்து உஷாராகி, எந்த லீவரையும் தொடாமல் ஜன்னல் வழியே கையை நீட்டி நீட்டித் திரும்பினார். மச்சான் பதற்றத்தில் லீவரை இழுத்ததில் தண்ணீர் பீய்ச்சியடித்து, பக்கத்தில் வேடிக்கை பார்த்தவனின் சட்டை நனைந்தது. மூன்று பேரும் தேறவில்லை.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வர்றேன்," என்றார் சூப்பர்வைசர். "அன்னிக்கும் இதே கூத்துன்னா நான் வெளியிலேர்ந்து ஆள் கொண்டுவந்துடுவேன். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

அவர் போவதற்குள் ஸ்டாண்டில் அக்காவுக்கு 'மழைக்காரி' என்று புதுப்பெயர் வந்துவிட்டது.

வீட்டில் கணவர் சுவரோடு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். தாடிக்காரர் கை நீட்டிய இடத்தில் அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கித் தண்ணீர் குடித்தபின் கேட்டார்:

"நீ ரெண்டு தறிக்கு நடுவுல நின்னவதான? ஒண்ணு இடக்கைத் தறி, ஒண்ணு வலக்கைத் தறி. பிடி அதுல அந்தப் பக்கம், இதுல இந்தப் பக்கம். ஒரு நாளாவது கை மாறியிருக்கா?"

"ஆரம்பத்துல மாறுச்சே. மேஸ்திரி கத்தின கத்து உங்க வரிசை வரைக்கும் கேட்டுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

அவள் யோசித்தாள். யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எழுந்து, மில்லில் நின்றமாதிரி நடுவீட்டில் நின்று பார்த்தாள். உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"கைய அனுப்ப மாட்டேன்," என்றாள் மெதுவாக. "தோளத்தான் அனுப்புவேன். தோள் எந்தத் தறிப்பக்கம் சாயுதோ, கை அங்க தானா போயிடும்."

"அப்புறம் என்ன. தோள அனுப்பு."

நாற்காலியைப் போட்டு, சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்து, நாற்காலிக் கையில் இடதுபக்கம் ஒரு கரண்டியைக் கட்டிக்கொண்டாள். அவர் படுக்கையிலிருந்து மூச்சுக்கு மூச்சு உத்தரவு போட்டார்: "வலது... இடது... இடதுன்னேன்... எதிர்ல மாடு வருது!"

"மாட்டுக்கு எதுக்குங்க இண்டிகேட்டர்?"

"மாட்டுக்கும் மரியாதை குடு."

பள்ளியிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "டிரைவரம்மா, அந்தத் தட்டைக் குடுத்தா நான் சாப்பிடுவேன்," என்றாள்.

கரண்டி போதவில்லை. மறுநாள் ஸ்டாண்டில் வரிசையில் நிற்கும்போது அக்காவுக்குத் தோன்றியது: தன் வண்டியிலேயே இடதுபக்கம் ஒரு லீவர் இருக்கிறது. அது வைப்பர். இருந்தால் என்ன? நிற்கிற வண்டிதானே. சாவியைப் பாதி திருப்பி, ஜப்பான்காரி சொல்லி முடிக்கும்வரை பொறுத்து, இடதுதோளைச் சாய்த்துத் தட்டினாள். வைப்பர் எழுந்து விழுந்தது. மறுபடி தட்டினாள்.

"தலையில வெயில் ஏறிடுச்சா அக்கா?" என்று தாடிக்காரர் ஓடிவந்தார்.

"நீங்களும் உக்காருங்கண்ணே. மச்சான், நீயும். நான் சொல்லச் சொல்லத் தட்டணும். கைய மறந்துடுங்க. தோளு மட்டும்."

அவள் குரல் கொடுத்தாள். மூன்று வண்டிகளில் வைப்பர்கள் எழுந்தன. பரீட்சைக்குப் பெயர் கொடுக்காதவர்களும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டு, சும்மா நிற்பானேன் என்று தங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வரிசை முழுக்கத் தறிக்காரன் வண்டிகள் கிறீச் கிறீச்சென்று கையை ஆட்டிக்கொண்டு நின்றன. ஆஸ்பத்திரி மாடி ஜன்னல்களில் நோயாளிகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"என்ன, ஸ்டாண்டுக்கே பைத்தியமா?" என்று கேட்டாள் வேலை முடிந்து வந்த நர்ஸ்.

"மழைக்கு ஒத்திகை சிஸ்டர்," என்றான் மச்சான்.

"ரப்பர் தேயுதுடா!" என்று பட்டறையிலிருந்து கத்தினார் மெக்கானிக். பிறகு யோசித்து, "சரி, நல்லாத் தேய்ங்க. நான்தான மாட்டணும்," என்றார்.

முன்வண்டி சவாரிக்குப் போனால் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். ஓரிடம் முன்னேறியதும் ஏறி உட்கார்ந்து மறுபடி தட்டினார்கள். சாயங்காலம் தாடிக்காரர் வண்டியில் பேட்டரி இறங்கிவிட்டது. தறிக்காரன் வண்டி கிளம்பாமல் நிற்பதைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

"கம்பெனியக் குத்தம் சொல்லாதீங்கப்பா. பேட்டரி வேற கம்பெனி," என்று மெக்கானிக்தான் மானத்தைக் காப்பாற்றினார்.

வெள்ளிக்கிழமை மைதானத்தைச் சுற்றி ஸ்டாண்டே நின்றது. மச்சான் முதலில் போனான். முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் சிமிட்டியதும் கூட்டம் போட்ட சத்தத்தில் அவன் பதறி இஞ்சினை நிறுத்திவிட்டான். மறுபடி எடுத்து ஒழுங்காக ஓட்டி முடித்தான். தாடிக்காரர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடதுபக்கம் ஆளே சாய்ந்துவிடுவதைப் பார்த்து, "அவருக்கு வயிறு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். ஆனால் ஒரு தடவைகூட வைப்பர் எழவில்லை.

அக்காவை அவர் மைதானத்திலிருந்து வெளியே ரோட்டுக்கு எடுக்கச் சொன்னார். "மத்தவங்களுக்கு இல்ல. உங்களுக்கு மட்டும்," என்றார். முனையில் வலதுபக்கம் திரும்பச் சொன்ன நேரத்தில், எதிரே வந்த லாரி, குழாய் உடைந்து தண்ணீர் தேங்கியிருந்த குழியில் இறங்கி, சேற்றுத் தண்ணீரை அப்படியே முன்கண்ணாடியில் அறைந்தது. ஒன்றும் தெரியவில்லை. அக்காவின் இடதுகை விளக்கைப் போட்டது, வலதுகை கண்ணாடியைக் கழுவியது. இரண்டும் ஒரே வீச்சில். சேறு வழிந்து விலக, வண்டி திருப்பத்தைத் தாண்டியிருந்தது.

சூப்பர்வைசர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மொத மொத ஜப்பான் வண்டி ஓட்டினப்ப நானும் மழை பெய்ய வச்சவன்தாம்மா," என்றார். "நீங்க மூணு பேரும் திங்கக்கிழமை வந்துடுங்க."

அவள் மைதானத்துக்குள் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் ஆளுக்கொரு வண்டியில் ஏறினார்கள். பட்டப்பகலில், பளீரென்ற வெயிலில், மொத்த வரிசையும் வைப்பரைப் போட்டு ஹாரன் அடித்தது. தாடிக்காரர் அழுதுவிட்டு, தூசி என்றார். மெக்கானிக் எல்லோருக்கும் டீ சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா கணவர் முன்னால் நின்று இடதுதோளைச் சாய்த்துக் காட்டினாள். அவர் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, இருமாமல், ஒரு முழுச் சிரிப்புச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வண்டியைக் காய்கறிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாவது கை.

திங்கட்கிழமை சேர்ந்தபோது சட்டையும் அட்டையும் கொடுத்தார்கள், விதிகளையும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி அனுப்புகிற ஆளைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று வழியில் நிறுத்தக் கூடாது. கண்ணாடிக்கு மேலே கேமரா இருக்கிறது, அது தூங்காது.

அந்த மாதம் கணவரின் பரிசோதனை நாள் வந்தது. ஆபரேஷன் முடிந்த ஒருவரை வீட்டில் இறக்கிவிட்டு அக்கா வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறுகையால் நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தைப் பிடித்திருந்தார். வெள்ளி வண்டியைக் கண்டதும் கம்பத்திலிருந்து கையை எடுத்து உயர்த்தினார். அவள் கேமராவுக்குக் கீழே கண்களை மட்டும் அவர்பக்கம் திருப்பினாள். வண்டி வேகம் குறையாமல் போயிற்று.

"பாத்தீங்களா," என்று அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். மூச்சு வாங்கியது, நிறுத்தி, மறுபடி சொன்னார். "அத ஓட்டுறது... என் சம்சாரம்."

பஸ் வந்தது. படியில் ஆட்கள் தொங்கினார்கள். அவர் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே முதல் படியில் காலை வைத்தார். அந்த வெள்ளி வண்டியின் சீட்டுகளில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.