மேசையை விட்டு எழாதவர்கள்

இதோயா போலந்துக்குப் படிக்க வந்ததே ஒரு மரச்சிற்பத்துக்காகத்தான். ஸ்பெயினில் அவள் படிக்கும் கலைக்கல்லூரியில் ஐந்து மாதம் வெளிநாட்டில் படிக்க யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது எல்லோரும் ரோம், பாரிஸ் என்று எழுத, இவள் ஒருத்தி வார்சா என்று எழுதினாள். அங்கிருந்து கிராக்கோவுக்குப் பஸ் இருக்கிறது. கிராக்கோவின் பெரிய சதுக்கத்துத் தேவாலயத்தில், ஆளைவிட உயரமான அப்போஸ்தலர்களை மரத்தில் செதுக்கிய பீடம் இருக்கிறது. அவர்களுடைய கைகளைத்தான் அவள் பார்க்க வேண்டும். இதோயா செதுக்கினால் முகம் எப்படியோ தேறிவிடும், கை மட்டும் வாழைச்சீப்பு மாதிரி வந்து தொலையும்.

வந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் எங்கே போவது என்று நண்பர்கள் கூடிப் பேசுவார்கள். பெர்லின் என்பார்கள், பிராக் என்பார்கள், இவளும் தலையாட்டிவிட்டுப் பின்னாலேயே போவாள். வரும் புதன்கிழமை ஊருக்கு விமானம். மிச்சமிருந்த ஒரே ஒரு சனி ஞாயிறை அவளுக்குக் கொடுப்பதாக குஸ்மானும் ரோசியோவும் சத்தியம் செய்தார்கள். குஸ்மானும் ஸ்பெயின்தான், செவில்லாக்காரன், வாய் ஓயாதவன். ரோசியோ இதோயாவின் அறைத்தோழி, எதற்கும் சிரிப்பவள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே கிராக்கோவில் இறங்கியாயிற்று. தங்கும் அறையில் ரோசியோ தலைக்குக் குளித்து முடிக்க ஒரு மணி நேரம். குஸ்மானுக்குக் காபி ஒரு மணி நேரம். ஓட்டல் தேடிச் சாப்பிட உட்காரும்போது மணி மூன்று. ஸ்பெயின்காரர்களுக்கு அது சரியான நேரம்தான். சிக்கல் அதில் இல்லை, சாப்பாடு முடிந்த பிறகு வந்தது. தட்டை எடுத்தபிறகும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவது அவர்களுக்குச் சாப்பாட்டில் பாதி. நடுவில் எழுந்தால் விருந்துக்கு வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

"கிளம்பலாமா? அஞ்சரைக்குக் கதவ சாத்திடுவாங்க" என்றாள் இதோயா, நாலு மணிக்கு.

"அம்மா தாயே, சாப்பாடு இன்னும் தொண்டையே தாண்டல. உக்காருடி" என்றான் குஸ்மான்.

நாலரைக்கு மறுபடியும் கேட்டாள்.

"மரம்தானே? ஐந்நூறு வருஷமா அங்கேயே நிக்குது. இன்னைக்குப் பாத்து எந்திரிச்சு ஓடிருமா?"

ரோசியோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு வராமலே இதோயாவும் சிரித்துவைத்தாள். எழுந்து தனியாகப் போயிருக்கலாம், யார் கட்டிப்போட்டார்கள்? ஆனால் அவளும் அதே மேசையில் வளர்ந்தவள்தானே. கால் எழவில்லை.

ஐந்து நாற்பதுக்குப் போய் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. ஞாயிறு காலை திருப்பலிக்கு வருபவர்களுக்கு மட்டும், சுற்றுலாப் பயணிகளுக்கு மதியம் இரண்டிலிருந்து என்று பலகையில் எழுதியிருந்தது. அவர்களுடைய பஸ் ஒன்றரைக்கு.

"சே, பாவம்டி நீ" என்று ரோசியோ தோளில் கைபோட்டாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் இருவரும் தூங்கிக்கொண்டிருக்க, இதோயா தனியாகக் கிளம்பினாள். ஜெபிக்க வருபவர்களுக்கென்று பக்கவாட்டில் ஒரு வாசல். அங்கே நின்றவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சின்ன வயதில் புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கியதற்குப் பிறகு ஜெபமே சொல்லாதவள், கைகளைக் கூப்பிக் காட்டினாள். விட்டுவிட்டார்.

உள்ளே எள் விழ இடமில்லை. அவளுக்குக் கிடைத்தது ஒரு தூணின் பின்பக்கம். முன்னால் ஒரு மலைபோன்ற மனிதர். அவர் முட்டி போட்டால் எல்லோரும் முட்டி போட்டார்கள், அவர் எழுந்தால் எல்லோரும் எழுந்தார்கள். பீடம் மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தது ஒரு தங்க ஓரம். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது அவளும் புகுந்துகொண்டாள், முன்னால் போனால் பார்த்துவிடலாமே.

சாமியார் முன்னால் வந்ததும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய பாதம், மடிப்புமடிப்பாய் அங்கி, அதற்கு மேலே... சாமியார் அப்பத்தை நீட்டியபடி காத்திருந்தார். பின்னால் நின்ற கிழவி முதுகில் ஒரு குத்து விட்டாள். இதோயா பதறிப்போய் வாயைத் திறந்தாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக் கூடாது. அதைச் செய்து பத்து வருடம் ஆனவள் நற்கருணையும் வாங்கியாயிற்று, கையையும் பார்க்கவில்லை. திரும்பி நடக்கையில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே ஒரு மணிக்கு அவளுடைய பையையும் தூக்கிக்கொண்டு இருவரும் நின்றார்கள். எள் தூவிய வளைய ரொட்டி ஒன்றைக் குஸ்மான் மென்றுகொண்டிருந்தான்.

"பாத்துட்டியா? சூப்பர். வா, ஓடுவோம்."

"பாக்கல."

"உள்ளதானே இருந்தே?"

"ஒரு தூணப் பாத்தேன். ஒரு ஆளோட முதுகப் பாத்தேன்."

"அட விடு. போட்டோ நெட்ல கெடக்கும். பஸ்ல போயிட்டே பெருசு பண்ணிப் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். இதோயாவுக்குள் ஐந்து மாதமாகக் கிடந்தது பொங்கிவிட்டது.

"பெர்லின்ல நீ உள்ள போகணும்னு ஒரு கிளப் வாசல்ல பனியில மூணு மணி நேரம் நின்னேன்டா. ஒரு வார்த்தை சொன்னேனா? பிராக்ல இவ செருப்பு வாங்க ஒரு நாள் முழுக்கக் கடை கடையா ஏறி இறங்கினேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பையக் குடு."

பையைப் பிடுங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வாசலுக்குப் போனாள். இன்னும் யாரும் வரவில்லை. மூடிய கதவின் முன்னால் போய் நின்றாள்.

"அடுத்த பஸ் சாயங்காலம்தான்டி" என்று குஸ்மான் பின்னாலேயே வந்தான். ரொட்டியைத் தின்பதை நிறுத்தியிருந்தான்.

"தெரியும்."

ரோசியோ சிரிக்கவில்லை. "நாங்களும் இருக்கட்டுமா? உண்மையாத்தான் கேக்கறேன்."

நேற்று நாலு மணிக்கு இதைக் கேட்டிருந்தால் இதோயா அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"வேணாம் ரோசியோ. நீங்க இருந்தா எப்பக் கிளம்பலாம்னுதான் என் கண்ணு உங்களப் பாக்கும். போங்க, பஸ்ஸ விட்டுடாதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ரோசியோ சமாதானம் செய்திருப்பாள். இப்போது குஸ்மானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள். இருவரும் சதுக்கத்தைத் தாண்டி நடந்து போனார்கள்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. சீட்டுக் கொடுப்பவர் எத்தனை பேர் என்று கேட்டார். இதோயா ஒரு விரலைக் காட்டினாள்.